முதலில் ஃபைலை எடுங்கள், பிறகு விண்டோஸ் போடலாம்

"டி டிரைவ்லதான் சார் எல்லாம் இருக்கு. சி டிரைவை நீங்க தாராளமா அடிச்சிடலாம்."

இந்தச் சொல்லை நம்பி ஒருவருடைய கணினியை ஃபார்மேட் செய்திருக்கிறேன். பழுதுபார்க்கும் தொழிலுக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஆன் செய்தால் லோகோ வரும், அதன் கீழே புள்ளிகள் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்கு மேல் நகராது. சி டிரைவைத் துடைத்து, புதிதாக விண்டோஸ் போட்டு, டி டிரைவ் அப்படியே இருப்பதைக் காட்டிக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலையில் போன் வந்தது. "ஸ்கிரீன்ல அப்பா போட்டோ வச்சிருந்த ஃபோல்டர் ஒண்ணு இருக்குமே, அதைக் காணோம்?"

அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. ஸ்கிரீனில் இருந்த அந்த ஃபோல்டர் சி-யிலும் இல்லை, டி-யிலும் இல்லை, அது "ஸ்கிரீனில்" இருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். உண்மையில் டெஸ்க்டாப் என்பது சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள், நம் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்னொரு ஃபோல்டர். டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அதே இடத்தில்தான். கேட்டிருக்க வேண்டியவன் நான். துடைப்பதற்கு முன் திறந்து பார்த்திருக்க வேண்டியவனும் நான்.

அவருடைய டிஸ்க், சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வகை என்பதால் மீட்கவும் முடியவில்லை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபைலை அழித்தால் அதன் முகவரிதான் போகும். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும், ரெக்கவரி மென்பொருளால் தேடி எடுக்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் டிரிம் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. ஃபார்மேட் செய்ததும் "இந்த இடமெல்லாம் இனி தேவையில்லை" என்று விண்டோஸ் டிரைவுக்குத் தகவல் கொடுத்துவிடும், டிரைவும் அவற்றைக் காலி செய்யத் தொடங்கிவிடும். அதன்பின் எந்த மென்பொருளை ஓட்டினாலும் வெறும் பூஜ்யங்கள்தான் வரும்.

அன்றிலிருந்து கணினியோடு வரும் எல்லாரிடமும் ஒன்றைச் சொல்லி வருகிறேன். கணினி பூட் ஆகாமல், அதாவது விண்டோஸ் எழாமல் போவதால் உங்கள் ஃபைல்கள் அழிவது அரிது. அதைச் சரிசெய்யும்போது நம் கையால்தான் பெரும்பாலும் அழிகின்றன. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. அத்தனை கணினிகளையும் நிறுத்தியது ஒரு சின்ன ஃபைல். அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் போய் அந்த ஒன்றை நீக்கினால் கணினி எழுந்துவிடும், உள்ளே இருந்த ஆவணங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவசரப்பட்டு ஃபார்மேட் செய்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

ஆபத்து அதிகம் ஒளிந்திருப்பது "ரெஸ்டோர்" என்ற சொல்லில்தான். சிஸ்டம் ரெஸ்டோர் என்பது விண்டோஸின் அமைப்புகள், டிரைவர்கள், நிறுவிய மென்பொருள்களை முந்தைய ஒரு தேதியின் நிலைக்குக் கொண்டுபோவது. உங்கள் புகைப்படங்களையும் ஆவணங்களையும் அது தொடாது. ரீசெட் என்பது வேறு. அதில் "கீப் மை ஃபைல்ஸ்", "ரிமூவ் எவ்ரிதிங்" என்று இரண்டு தேர்வுகள் வரும். முதலாவது ஃபைல்களை விட்டுவைக்கும், ஆனால் நீங்கள் நிறுவிய மென்பொருள்களை நீக்கிவிடும். இரண்டாவது எல்லாவற்றையும் துடைத்துவிடும். கணினியைத் தயாரித்த நிறுவனம் வைத்துத் தரும் ரெக்கவரி வசதி பெரும்பாலும் கடையிலிருந்து வந்த நாளின் நிலைக்கே கொண்டுபோய் விட்டுவிடும். மூன்றையும் நம் பேச்சில் "ரெஸ்டோர் பண்ணிட்டேன்" என்றே சொல்கிறோம். போனில் யாராவது "ரெஸ்டோர் குடு, சரியாயிடும்" என்று சொன்னால், எந்த ரெஸ்டோர் என்று கேட்காமல் பட்டனை அழுத்தாதீர்கள். "கீப் மை ஃபைல்ஸ்" இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். பாதியில் கரண்ட் போனாலோ டிஸ்கில் பழுது இருந்தாலோ அது பாதியிலேயே நின்றுபோகும். அது காப்பிக்கு மாற்று ஆகாது.

கையை வைக்குமுன் செய்ய வேண்டிய எளிய வேலைகள் சில உண்டு. பென் டிரைவ், மெமரி கார்டு, பிரிண்டர் கேபிள் என்று செருகியிருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். மறந்துபோய் விட்டுவைத்த பென் டிரைவிலிருந்து பூட் ஆக முயன்று கணினி நிற்பது நான் அடிக்கடி பார்ப்பது. பழைய மேசைக் கணினியில் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்திருக்கும். அதனால் விண்டோஸுக்கு முன்பே எழும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் அமைப்பு மாறி, நன்றாக இருக்கும் டிஸ்கையே விண்டோஸுக்கு அடையாளம் தெரியாமல் போவதும் உண்டு.

அடுத்து, காதை வைத்துக் கேளுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்கிலிருந்து டக், டக், டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே படிக்கும் முனை சரியான இடம் பிடிக்க முடியாமல் அடித்துக்கொள்கிறது என்று அர்த்தம். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் மிச்சமிருப்பதும் தேயலாம். இந்த நிலையில் செக்டிஸ்க் ஓட்டவே ஓட்டாதீர்கள். அது ஃபைல் அமைப்பைச் சீர்செய்ய வந்த கருவி. சாகப்போகும் டிஸ்கை மணிக்கணக்கில் ஓடவைத்து, அதிலேயே எழுதவும் செய்யும். சத்தம் இல்லாமல் மெதுவாக மட்டும் படிக்கும் டிஸ்க் என்றால், டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழு டிஸ்கையும் இன்னொரு டிஸ்குக்கு நகலெடுத்து, அந்த நகலில்தான் மற்ற வேலையைப் பார்க்க வேண்டும். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருவது அதன் வழக்கம். சத்தம் போடும் டிஸ்கில் இழக்கவே முடியாத தகவல் இருந்தால் அதற்கென்றே தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையங்களிடம் கொடுங்கள். ஃப்ரிட்ஜில் வைப்பதும், திறந்து பார்ப்பதும் வேண்டவே வேண்டாம்.

டிஸ்க் நலமாக இருக்கிறது, விண்டோஸ்தான் எழவில்லை என்றால் உள்ளே போக வழிகள் உண்டு. எந்தக் கருவியையும் இறக்காமல் செய்யக்கூடியதை முதலில் சொல்கிறேன். பூட் ஆகும்போது இரண்டு மூன்று முறை தொடர்ந்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால், அடுத்த முறை விண்டோஸ் தானாகவே பழுதுநீக்கும் திரைக்குப் போகும். அதில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பிறகு கமாண்ட் பிராம்ப்ட். கறுப்புத் திரை வந்ததும் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். நாம் எல்லாரும் அறிந்த அதே நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓபன் கொடுத்தால் ஒரு சின்ன ஜன்னல் வரும். கீழே ஃபைல் வகையை "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றுங்கள். இப்போது உங்கள் கணினி முழுவதும் கண்ணெதிரே. யூசர்ஸ் ஃபோல்டருக்குள் போய், வேண்டிய ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து காப்பி, பென் டிரைவுக்குப் போய் பேஸ்ட்.

இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் பயந்துவிடுகிறார்கள். இந்தத் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். வழக்கமான சி டிரைவ் டி என்றோ இ என்றோ தெரியும், எக்ஸ் என்று புதிதாக ஒன்றும் இருக்கும். எக்ஸ் என்பது அந்தப் பழுதுநீக்கும் திரையின் சொந்த இடம், அதில் உங்களுடையது எதுவும் இல்லை. யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயர் இருக்கும் டிரைவ் எதுவோ அதுதான் உங்களுடையது. இன்னொன்று, பேஸ்ட் கொடுத்ததும் எவ்வளவு காப்பி ஆகியிருக்கிறது என்று காட்டும் பச்சைப் பட்டை வராது. ஜன்னல் உறைந்ததுபோல நிற்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். பென் டிரைவில் விளக்கு இருந்தால் அது மினுங்குவதைப் பாருங்கள். இல்லையென்றால் பொறுமைதான். அதனால்தான் ஃபோல்டர் ஃபோல்டராக, சிறிது சிறிதாக எடுக்கச் சொல்கிறேன்.

அந்தத் திரையே வரவில்லை என்றால், வேறொரு கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக இயங்கக்கூடிய உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு காலி பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்யலாம். ஏற்றும்போது அந்தப் பென் டிரைவில் இருப்பது அழியும், எனவே காப்பி வைக்க இன்னொன்று தேவை. திறந்ததும் "டிரை" என்பதை எடுங்கள், "இன்ஸ்டால்" வேண்டாம். விண்டோஸ் டிரைவில் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும் என்று லினக்ஸ் சொல்லலாம். விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் இருந்திருப்பதே காரணம். கட்டாயப்படுத்தித் திறக்க வேண்டாம். நமக்குப் படிக்க மட்டும்தானே வேண்டும்?

மூன்றாவது வழி, டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் செருகுவது. கணினியே செத்துப்போன நிலையில் இதுதான் வழி. ஒரே மாதிரித் தோன்றும் எம்.2 எஸ்எஸ்டிகளில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு, உறை வாங்குமுன் எது என்று பாருங்கள். மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றிலும், இப்போதைய மேக்புக்குகளிலும் சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கழற்ற முடியாது.

இந்த மூன்று வழிகளுக்கும் குறுக்கே நிற்பது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு. புதிய விண்டோஸ் 11 கணினிகளில் பலவற்றில், நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தாலே அது இயங்கத் தொடங்கியிருக்கலாம். கணினி ஒழுங்காக எழும் நாள்வரை அது இருப்பதே தெரியாது, எழாத நாளில் ஒரு நீலத்திரை 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். ஆறு ஆறாக எட்டுக் கட்டங்கள். நல்ல செய்தி, அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். போனில் அந்தக் கணக்குக்குள் போய், திரையில் காட்டும் கீ ஐடியோடு ஒப்பிட்டு எடுத்துக்கொள்ளலாம். அலுவலகக் கணினி என்றால் அங்குள்ள ஐடி பிரிவிடம் இருக்கும். எங்குமே இல்லையென்றால் என்னாலும் முடியாது, யாராலும் முடியாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இதைப் படிக்கிறீர்கள் என்றால், இப்போதே அந்தக் கீயைத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

எதையெல்லாம் எடுப்பது? என் பழக்கம், யூசர்ஸுக்குள் இருக்கும் பெயர் ஃபோல்டரை மொத்தமாக எடுத்துவிடுவது. பொறுக்கி எடுக்கும்போதுதான் விட்டுப்போகும். அவுட்லுக் மெயில்கள் டாக்குமென்ட்ஸுக்குள் ஒரு மூலையில் இருக்கலாம். கணக்கு எழுதும் மென்பொருள்கள் சில தங்கள் டேட்டாவை யூசர்ஸுக்கு வெளியே, நேரடியாக சி டிரைவில் வைத்திருக்கும், அதைத் தனியே கேட்டுத் தேட வேண்டும். குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்களில் சேமித்த பாஸ்வேர்டுகள் ஃபோல்டரைக் காப்பி செய்தாலும் வராது, அவை அந்த விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் பயன்படுத்துபவர் என்றால் முதலில் போனில் திறந்து பாருங்கள். டெஸ்க்டாப் முழுவதும் ஏற்கெனவே அங்கே பத்திரமாக இருக்கக்கூடும். மாறாக, மேகக் குறியோடு இருக்கும் ஃபைல்களுக்குக் கணினியில் பெயர் மட்டும்தான் உண்டு, உள்ளடக்கம் இணையத்தில் இருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும் உரிய ஒன்று. யூனிகோட் வருமுன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் இன்னும் நிறையப் பேரிடம் உண்டு. ஆவணத்தை மட்டும் காப்பி செய்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டால், திறக்கும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ உளறல் தெரியும். ஒரு பெரியவர் தம் தாயார் பாடிய தாலாட்டுகளை அப்படித் தட்டச்சு செய்து வைத்திருந்தார். புதிய விண்டோஸில் திறந்து பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது, அழிந்தே போனது என்று நினைத்துவிட்டார். பழைய டிஸ்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரையும் நான் காப்பி எடுத்து வைத்திருந்தேன். அந்த எழுத்துருவை நிறுவி மறுபடி திறந்தேன். முதல் வரியில் "ஆராரோ" தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்.

காப்பி முடிந்ததும் வேறொரு கணினியில் செருகித் திறந்து பாருங்கள். ஃபோல்டர் பெயர் இருந்தால் போதாது, உள்ளே நாலைந்து படம், ஒரு வீடியோ, ஒரு ஆவணம் திறக்க வேண்டும். மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. நீளமான கல்யாண வீடியோ விடுபடுவது இப்படித்தான்.

இதற்குப் பிறகுதான் விண்டோஸ் போடும் பென் டிரைவைச் செருக வேண்டும். அப்போதும் ஒரு திரையில் நிதானம் வேண்டும். எங்கே நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் சி, டி என்ற எழுத்துகளே இருக்காது. டிரைவ் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்று எண்களும் அளவுகளும்தான் வரிசையாக நிற்கும். அளவை வைத்து ஊகித்து டெலீட் கொடுக்கும்போது டி டிரைவும் போய்விடுகிறது. வெளியே செருகிய காப்பி டிஸ்கும் அதே பட்டியலில் வந்து நிற்கும். அதனால் நிறுவத் தொடங்குமுன் காப்பி டிஸ்கைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிடுகிறேன். அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, தேதி போட்டு, "ஒரு மாதம் அழிக்க வேண்டாம்" என்று எழுதிவிடுவேன். ஃபைலைத் தேடி வரும் போன் சில சமயம் மூன்றாவது வாரத்தில்தான் வருகிறது.