யாருக்கு அபராதம்? அந்தப் பக்கத்தை முதலில் புரட்டுங்கள்

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளுக்கு கம்ப்ளையன்ஸ் வேலை, அதாவது விதிப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கும் வேலை, என் தொழில். பையர் அனுப்பும் ஆடிட் படிவங்களை நிரப்புவதிலும், ஐரோப்பாவில் வரும் புதுச் சட்டம் நம் ஆர்டரைத் தொடுமா என்று பார்ப்பதிலும் பாதி நாள் போய்விடும். 2025 ஜூனில் ஆபீஸ் தம்பி கேட்டான்: "அண்ணா, பிரான்சுல ஃபாஸ்ட் ஃபேஷனுக்கு அபராதமாமே, நம்ம பையர் மாட்டுவாங்களா?"

"எவ்வளவுங்கறது அப்புறம். யாருக்குன்னு எந்தப் பக்கத்துல இருக்கு, அதைத் தேடு" என்றேன்.

மலிவாகவும் வேகமாகவும் புதுப்புது மாடல் இறக்கும் ஃபாஸ்ட் ஃபேஷனுக்கு எதிரான அந்த மசோதா 2024 மார்ச்சில் பிரான்சின் தேசிய சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. அபராதம் உடைக்கு 5 யூரோ, 2030-க்குள் 10 யூரோ வரை. விலையில் பாதியைத் தாண்டக் கூடாது. 6 யூரோ டீ-ஷர்ட் என்றால் 3 யூரோ. விளம்பரத்துக்கும் தடை. மேலவையான செனட்டில் வாக்கெடுப்புக்கு வர 15 மாதம் ஆயிற்று. அதற்குள் ஆன்லைனில் மலிவு உடை விற்கும் ஷீன் நிறுவனம் முன்னாள் உள்துறை அமைச்சர் கிறிஸ்தோஃப் கஸ்தனேரை ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. ஏழைகளின் பர்ஸில் கை வைக்கும் சட்டம் என்ற பேச்சும் கிளம்பியது.

ஜூன் 10 அன்று செனட்டில் எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. செனட் குழு நீக்கிய விளம்பரத் தடையைக்கூட அவையில் திரும்பச் சேர்த்தார்கள். ஆனால் குறி மாறிவிட்டது. ஷீன், டெமு போன்ற அதிவேக ஆன்லைன் கடைகள் உள்ளே. ஜாரா, எச் அண்ட் எம் மாதிரி ஐரோப்பியப் பெயர்கள் பெரும்பாலும் வெளியே. உள்ளூர்க் கடைகளையும் வேலைகளையும் காக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். சத்தம் போட்டவர் மாட்டினார், போடாதவர் நழுவினார் என்பது என் கணக்கு.

இதைவிட எனக்கு உறுத்துவது, அளவுகோலையே கம்பெனிகள் செய்து கொடுப்பது. வால்மார்ட்டும் படகோனியாவும் தொடங்கிவைத்த ஒரு தொழில் கூட்டமைப்பு, துணிகளின் சுற்றுச்சூழல் பாதிப்புக்கு மதிப்பெண் போட ஹிக் குறியீடு என்று ஒன்றை வைத்தது. அதில் பருத்தியைவிட பாலியஸ்டருக்கு நல்ல மதிப்பெண். துவைக்கும்போது உதிரும் நுண்ணிழை அதில் கணக்கில் வரவில்லை. பாலியஸ்டர் ஃப்ளீஸ் துணியை லேபில் துவைத்துவிட்டு வடிகட்டியை வழித்துப் பாருங்கள், விரலோடு சாம்பல் நிறப் பஞ்சு வரும். அதை எழுத அந்தக் குறியீட்டில் ஒரு கட்டம்கூட இருக்கவில்லை.

உடைகளின் சுற்றுச்சூழல் பாதிப்பை அளக்க ஐரோப்பிய ஆணையத்துக்காக விதி வரைந்த தொழில்நுட்பக் குழுவை ஒருங்கிணைத்ததும் இதே கூட்டமைப்புதான். இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை, கூப்பிட்டுக் கொடுத்த நாற்காலி. அந்தக் குறியீட்டைக் காட்டி 'பசுமை' என்று விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது என 2022 ஜூனில் நார்வே நுகர்வோர் ஆணையம் சொன்ன பிறகுதான், உடைகளை விற்கும் இணையப் பக்கங்களில் இருந்து அது இறங்கியது.

சரி, தம்பி சாயங்காலம் அந்தப் பக்கத்தோடு வந்தான். "எத்தனை புது மாடல் விட்டா மாட்டுவாங்கன்னு நம்பரே இல்லையே அண்ணா?"

"அது பின்னாடி அரசாணையில வரும்."

"அப்போ அந்த நம்பருக்காக இனிமேதான் கம்பெனிங்க ஆள் பிடிப்பாங்களா?"

பிரான்சில் லாபி செய்பவர்களுக்கு, அதாவது சட்டம் தங்களுக்குச் சாதகமாக வர அதிகாரிகளிடம் பேசுபவர்களுக்கு, ஒரு பொதுப் பதிவேடு உண்டு. எந்த விஷயத்துக்காகப் போனார்கள், ஏறக்குறைய எவ்வளவு செலவு என்று வருஷத்துக்கு ஒருமுறை அதில் எழுத வேண்டும். எந்த அதிகாரியைப் பார்த்தார்கள் என்ற பெயர் மட்டும் இருக்காது. அந்த இணைப்பைத் தம்பிக்கு அனுப்பி வைத்தேன்.