கிடங்கு வாசலில் நின்ற லோடு ஆட்டோ

ராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள மண்டபம் ஊர்ப் பக்கமிருந்து ஒரு லோடு ஆட்டோ குப்பைக் கிடங்கு வாசலுக்கு வந்தது. மேலே கிழிந்த நைலான் வலை, உடைந்த தெர்மாகோல் பெட்டிகள். வலையை விலக்கிப் பார்த்தால் அடியில் இரண்டு பழைய பேட்டரி, ஒரு கேன் நிறைய கறுத்த இஞ்சின் ஆயில்.

"குப்பைதான சார், ஓரமாத் தட்டிட்டுப் போயிர்றேன்."

"இதுல ஒண்ணுகூட உள்ள போகக் கூடாதுண்ணே."

"அப்ப என்னத்துக்கு சார் இதுக்குக் கிடங்குன்னு பேரு?"

கேள்வி நியாயமானதுதான். திடக்கழிவு வேலையில் இருக்கும் எனக்கே ஆரம்பத்தில் அந்தச் சந்தேகம் இருந்தது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னது இதுதான்: மக்காதது, எரியாதது, மறுசுழற்சிக்கு உதவாதது, வேறு எதோடும் வினைபுரியாதது எதுவோ, அதைத்தான் புதைக்கலாம். தெரு கூட்டிய மண், வாய்க்கால் தூர், உடைந்த பீங்கான், எல்லாம் பிரித்தபின் கடைசியாக மிஞ்சும் கசடு. அவ்வளவுதான். கிலோவுக்கு 1500 கிலோ கலோரியோ அதற்கு மேலோ வெப்பம் தரக்கூடிய கழிவையும் புதைக்கக் கூடாது; சிமென்ட் சூளை போன்ற இடங்களுக்கு எரிபொருளாக அனுப்ப வேண்டும். மீன் கழிவும் தேங்காய் மட்டையும் உரத்துக்குப் போக வேண்டியவை.

இவ்வளவு கறார் எதற்கு? நம் மண்ணைப் பாருங்கள். ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கம் மணலைக் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும் இடங்கள் உண்டு. அந்த ஊற்றுக்கும் மேலே கொட்டும் குப்பைக்கும் நடுவில் இருப்பது வெறும் மணல். முறையான கிடங்கென்றால் அடியில் 90 சென்டிமீட்டர் களிமண், அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் கெட்டி பிளாஸ்டிக் விரிப்பு இருக்கணும். நிலத்தடி நீர் எவ்வளவு உயர்ந்தாலும் அந்தக் களிமண்ணுக்கு 2 மீட்டராவது கீழேதான் நிற்கணும். நாம் கிடங்கு என்று சொல்லும் பல இடங்கள், உள்ளதைச் சொன்னால், வெறும் குப்பைமேடுகள். அங்கே பேட்டரியைப் போட்டால் ஈயமும் அமிலமும் மழையோடு இறங்கும். ஆயிலும் அப்படித்தான்.

வலையில் விஷம் இல்லையே என்பார்கள். ஒருமுறை குப்பையோடு வந்த வலை ஜேசிபி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. இரண்டு பேர் வண்டிக்கு அடியில் படுத்து, கத்தியால் இழை இழையாக அறுத்து எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஈயக் குண்டையும் மிதவையையும் கழற்றி, உப்பு போக அலசிக் காயவைத்தால் அதே நைலானை வாங்க ஆள் உண்டு. எரிக்க மட்டும் வேண்டாம், அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவது நாம்தான்.

தெர்மாகோலுக்கு ஆடிக் காற்று ஒன்று போதும். கிடங்கில் கொட்டியது உருண்டையாக உதிர்ந்து கடலுக்குப் போய்விடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி மேயும் ஆமைக்கு எது இரை, எது உருண்டை என்று தெரியாது.

வீட்டிலிருந்து வருவதில் எனக்கு அதிக பயம் இன்சுலின் ஊசி மேல்தான். டயப்பர் பைக்குள் கிடந்த ஊசி எங்கள் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவரின் கையுறையைத் துளைத்துவிட்டது. மருத்துவப் பரிசோதனை முடிவு வரும்வரை அவருக்குச் சரியான தூக்கமில்லை. ஊசி, காலாவதி மருந்து, பூச்சிமருந்து டப்பா எல்லாம் தனிப் பையில் வரணும். ஊசியை மூடி போட்ட கெட்டி டப்பாவில் அடைத்து, மேலே 'ஊசி' என்று எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

சரி, அந்த ஆட்டோ விஷயத்துக்கு வருவோம். பேட்டரியைப் புதியது வாங்கிய கடையிலேயே கொடுக்கச் சொன்னேன், விலையில் கழித்துக்கொண்டார்களாம். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளும் பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல்தான் வைக்கின்றன. ஆயில், அங்கீகாரம் பெற்று மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவரிடம் போனது. வலையைப் பழைய சாமான்காரர் எடுத்துக்கொண்டார். தெர்மாகோல் மட்டும் எங்கள் கொட்டகையில் கயிறு போட்டுக் கட்டிக் கிடக்கிறது. ஒரு லாரி நிறையச் சேர்ந்தால்தான் வருவேன் என்கிறார் எடுக்கிறவர்.