ஆட்டிசக் குழந்தையிடம் தமிழில் பேசுங்கள், தயவுசெய்து

"வீட்ல தமிழை அடியோட நிறுத்திட்டோம் மேடம், இப்போ எல்லாரும் இங்கிலீஷ்தான்." பெருமையாக இதைச் சொல்லும் பெற்றோர் வாராவாரம் வருகிறார்கள். பெங்களூர் அல்சூரில் பேச்சுப் பயிற்சி மையம் நடத்தும் எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. யார் சொன்னார்கள் என்றால் ஸ்கூலில், டாக்டர், வாட்ஸப்பில் என்று பதில் வரும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இரண்டு மொழி குழப்பமாம்.

அப்படியெல்லாம் இல்லை. கனடாவில் ஹேம்ப்ளியும் ஃபோம்போனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்ந்த ஆட்டிசக் குழந்தைகளையும் இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டாவது மொழியால் பேச்சு மேலும் தாமதமாகவில்லை. பெங்களூரில் பக்கத்து வீட்டுப் பொடிசுகள் தமிழ், கன்னடம், இந்தி, இங்கிலீஷ் நாலையும் கலந்தடிக்கும்போது, நம் பிள்ளையின் வாய்க்கு மட்டும் ஏன் இந்தப் பூட்டு?

"அவனுக்கு இங்கிலீஷ்தான் ஈஸியா வருது" என்பார்கள். என்ன வருகிறது என்று உட்கார்ந்து கேட்டால் யூட்யூப் வசனம், அதே அமெரிக்க ராகத்தில், ஓர் எழுத்துப் பிசகாமல். கேட்டதைத் திரும்பச் சொல்வதும் மொழிக்குள் நுழைய ஒரு வழிதான், தடுக்க வேண்டாம். ஆனால் தாகம் எடுத்தால் உங்களிடம் தண்ணீர் கேட்கிறானா? அதைக் கவனியுங்கள்.

சமீபத்தில் வந்த பையனுக்கு நாலு வயது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போக, பகல் முழுக்க அவனோடு இருப்பவர் தருமபுரியிலிருந்து வந்த பாட்டி. "எனக்கு இங்கிலீசு வராதுங்க, அதனால பேசறதே இல்ல" என்றார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, அவன் கையில் பருப்புக் கடையச் சொன்னேன். உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடைந்தார், விரல் விரலாகப் பங்கு வைத்தார், அப்புறம் நண்டு ஊர்வதுபோல் கைமேல் ஏறினார். பாதி வழியில் சைகை காட்டி நிறுத்தினேன். பையன் காத்திருந்தான். விரல்களைப் பார்த்தான், பாட்டி முகத்தை ஒரு கணம் பார்த்தான், அவர் கையைப் பிடித்துத் தன் அக்குளுக்கு இழுத்தான். சமூகத் திறன் என்று சொல்லி நாங்கள் ஃபீஸ் வாங்கிக் கற்றுத்தருவது இதைத்தான்: எதிரில் இருப்பவர் அடுத்து என்ன செய்வார் என்று எதிர்பார்ப்பது, பொறுப்பது, இன்னும் வேண்டும் என்று கேட்பது.

முகவாயைப் பிடித்துத் திருப்பி "கண்ணைப் பாரு" என்று அதட்டாதீர்கள். பல பிள்ளைகளுக்கு அது வேதனை. பார்க்காமலேயே நன்றாகக் கேட்பார்கள். "பழகட்டும்" என்று பிறந்தநாள் கூட்டத்தில் தள்ளிவிடாதீர்கள். ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள், பத்து நிமிடம், பந்து உருட்டுவது மாதிரி முறை வைத்து ஆடும் ஆட்டம் போதும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள். கீழே பார்க்கில் கன்னடம் பேசும் பிள்ளைகள் என்றால் "நானூ பர்லா?" (நானும் வரட்டுமா?) என்று கேட்க வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். அந்தப் பிள்ளைகளிடமும், இவன் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும், காத்திருங்கள் என்று சொல்லி வையுங்கள். பழகும் பொறுப்பு முழுவதையும் இவன் தலையில் மட்டும் கட்டுவது என்ன நியாயம்?

பேச்சே வராத பிள்ளைக்குப் பட அட்டைகள் கொடுங்கள், வீட்டில் சொல்லும் பெயரையே அதில் எழுதுங்கள். படம் காட்டினால் பேச்சு வராமலே போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் காதுப் பரிசோதனை. கூப்பிட்டால் திரும்பாததற்கு ஆட்டிசம் மட்டும்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தில் இதைச் செய்கிறார்கள். அந்த ரிப்போர்ட் இல்லாமல் பயிற்சிக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.