நஞ்சுக்கொடி எதை விடும், எதைத் தடுக்கும்? லூபஸும் சரவாங்கியும் உள்ள பெண்ணின் கர்ப்பகால மருந்துகள்

உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில்தான் அது தலைகாட்டும். சரவாங்கி எனப்படும் முடக்குவாதமும் ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு அதிகம் பிடிக்கிறது. ஆக, இந்த நோய்களுக்கு மருந்து எழுதும்போதே குழந்தை பற்றிய பேச்சும் வந்தாக வேண்டும். அது வராத வீடுகளில் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: கர்ப்பம் உறுதியானதும் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடு. இது இரண்டு வகையில் தவறு. சில மருந்துகளை அதற்குப் பல வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். வேறு சிலவற்றை அன்று நிறுத்தினால் நோய் கிளம்பும். கிளம்பிய நோய் பல மருந்துகளைவிடச் சேய்க்குக் கெடுதல்.

எந்த மருந்து எந்தப் பக்கம் என்பதில் பெரும்பங்கு நஞ்சுக்கொடியுடையது. தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் கலப்பதில்லை. நடுவே மெல்லிய செல் அடுக்கு இருக்கிறது. சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகள் அதைச் சுலபமாகக் கடக்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை அப்படிக் கடந்து, 6 முதல் 12 வாரத்துக்குள் சேயின் மூக்கெலும்பையும் குருத்தெலும்பையும் கெடுக்கும். அதே வேலையைச் செய்யும் ஹெப்பாரின் ஊசி பெரிய மூலக்கூறு, கடக்காது. ரத்தம் உறையும் போக்குள்ள பெண்ணை மாத்திரையிலிருந்து தினசரி ஊசிக்கு மாற்றுவது இதனால்தான்.

ஸ்டீராய்டுகளில் இது இன்னும் நுட்பமானது. பிரெட்னிசோலோன் நஞ்சுக்கொடிக்கு வந்ததும் அங்குள்ள ஒரு நொதி அதைச் செயலற்ற பிரெட்னிசோனாக மாற்றிவிடுகிறது. சுமார் பத்தில் ஒரு பங்குதான் சேயை எட்டும். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் இரண்டிலும் உள்ள ஃபுளூரின் அணு அந்த நொதிக்குப் பிடிகொடுப்பதில்லை, அவை ஏறக்குறைய அப்படியே போய்ச் சேரும். குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது சேயின் நுரையீரல் முதிர இவற்றைப் போடுவதும், தாயின் மூட்டுவலிக்கு இவற்றைத் தவிர்ப்பதும் ஒரே காரணத்தால். பிரெட்னிசோலோனும் முற்றிலும் தீங்கில்லாதது அல்ல. அளவு கூடினால் தாய்க்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், பனிக்குடம் முன்கூட்டியே உடையும் வாய்ப்பும் கூடும்.

முன்கூட்டியே நிறுத்த வேண்டியவற்றில் முதலிடம் மெத்தோட்ரெக்சேட்டுக்கு. சரவாங்கிக்கு வாரம் ஒருமுறை மட்டும் போடும் இந்த மாத்திரை, ஃபோலிக் அமிலத்தைச் செல் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றும் நொதியை முடக்குகிறது. வேகமாகப் பிரியும் கருவின் செல்களுக்கு அது இல்லாமல் முடியாது. ரத்தத்திலிருந்து ஒரே நாளில் போய்விட்டாலும் செல்களுக்குள் நீண்ட சங்கிலியாகத் தங்கிவிடுவதால், நிறுத்தி 1 முதல் 3 மாதம் கழித்தே கருத்தரிக்கலாம். ஃபோலிக் அமிலத்தை மட்டும் விடக் கூடாது. சரவாங்கிக்கே தரும் லெஃப்ளுனோமைடு இதைவிடப் பிடிவாதம். பித்தத்தோடு குடலுக்குப் போய், அங்கிருந்து மறுபடி ரத்தத்துக்கே திரும்புவதால் இரண்டு ஆண்டு வரைகூட உடம்பில் இருக்கும். அந்தச் சுற்றை உடைக்க கொலஸ்டிரமின் தூளை 8 கிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 11 நாள் கொடுத்து, ரத்தத்தில் அளவு லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்குக் கீழே வந்ததை உறுதிசெய்கிறார்கள். சிறுநீரக லூபஸுக்குத் தரும் மைக்கோஃபினோலேட்டை 6 வாரம் முன்பே விட வேண்டும்; இல்லாவிட்டால் சேய்க்குக் காது உருவாகாமை, உதட்டுப் பிளவு போன்ற குறைகள் வரலாம். அதற்குப் பதிலாக வருவது அசத்தியோபிரின், எடையின் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரை. சிறுநீரக மாற்று செய்துகொண்ட பெண்களிடம் பல பத்தாண்டுகள் பார்த்த மருந்து அது.

மருந்தை மாற்றிய மறுமாதமே முயலக் கூடாது. புதிய மருந்தில் நோய் அடங்கி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். லூபஸில் குறைந்தது 6 மாத அமைதி தேவை. அவசரப்படுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

தொடர்ந்தே ஆக வேண்டியவற்றில் முதன்மையானது, லூபஸுக்கும் சரவாங்கிக்கும் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை. அது நஞ்சுக்கொடியைத் தாராளமாகக் கடக்கிறது, தொப்புள்கொடி ரத்தத்தில் தாயின் அளவே இருக்கிறது. ஆனாலும் வழக்கமான அளவில் குறைபாடு எதையும் உண்டாக்குவதாகத் தெரியவில்லை. கடப்பதெல்லாம் கெடுதல் அல்ல. உச்ச அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம். 50 கிலோ எடைக்கு 250 மில்லிகிராம் என்று ஆவதால், ஒருநாள் 200, மறுநாள் 300 என்று பிரித்துக்கொள்வார்கள். இதன் அளவு உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 40 நாள் ஆகும். நிறுத்தியவர் முதல் மாதம் நன்றாகத்தான் இருப்பார். 'நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லையே' என்று நம்புவதற்கு அது போதும். நோய் கிளம்பும்போது ஐந்தாம் மாதம் ஆகியிருக்கும்.

இந்த மாத்திரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. லூபஸிலும், கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரன் நோயிலும் பலருக்கு ஆன்டி-ரோ என்ற எதிர்ப்பொருள் இருக்கும். சில பெண்களுக்கு வேறு எந்தத் தொந்தரவும் இல்லாமலேகூட இருக்கும். தாயின் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள்களைப் பிடித்து அக்கரை சேர்ப்பதற்கென்றே நஞ்சுக்கொடியில் ஓர் ஏற்பி உண்டு. பிறந்த குழந்தைக்கு முதல் மாதங்களில் கிடைக்கும் பாதுகாப்பு அந்த வழியில் வருவது. அந்த ஏற்பி நல்லது கெட்டது பார்ப்பதில்லை. ஆன்டி-ரோவும் சேர்ந்தே போகும். போய், சேயின் இதயத்தில் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் கணுவில் அழற்சியையும் தழும்பையும் உண்டாக்கலாம். அப்போது மேலறை நிமிடத்துக்கு 140 முறை துடிக்க, கீழறை தன்போக்கில் 50, 60 என்று துடிக்கும். முழுதாகத் தழும்பேறிய கணு மீள்வதில்லை. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கும். ஆன்டி-ரோ உள்ள தாய்க்கு இது நேரும் வாய்ப்பு சுமார் 2 சதவீதம்தான். முந்தைய குழந்தைக்கு வந்திருந்தால் 16 முதல் 18 சதவீதம். அப்படிப்பட்ட தாய்மாருக்கு 10ஆம் வாரத்துக்குள் தினமும் 400 மில்லிகிராம் ஹைட்ராக்சிகுளோரோகுயின் தொடங்கிய ஆய்வொன்றில் (2020) அது 7.4 சதவீதமாகக் குறைந்தது. 16 முதல் 26 வாரம் வரை சேயின் இதயத்தை எக்கோவில் அடிக்கடி பார்ப்பது இந்தக் கணுவுக்காகத்தான். இதே எதிர்ப்பொருளால் சில குழந்தைகளுக்கு வெயில் பட்ட இடத்தில் வட்டமான சிவந்த தடிப்பு வரும். தாயின் எதிர்ப்பொருள் கரைந்துபோகும் ஆறேழு மாதத்தில் அதுவும் போய்விடும்.

20 வாரத்துக்குப் பிறகு லூபஸ் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போனால் மருத்துவருக்கே குழப்பம்தான். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்குகிறதா, கர்ப்பத்தாலேயே ரத்த அழுத்தம் ஏறும் ப்ரீ-எக்ளாம்ப்சியாவா? முதலாவதற்கு ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும். இரண்டாவதற்குப் பிரசவம்தான் தீர்வு. சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்துச் சிவப்பணுக்களும், அவை சிறுநீரகக் குழாய்களில் ஒட்டி உருளையாக வந்த வார்ப்புகளும் தெரிந்தால் லூபஸ் பக்கம் சாயலாம். சி3, சி4 என்ற ரத்தப் புரதங்கள் கர்ப்பத்தில் இயல்பாகவே ஏறும். ஏற வேண்டிய நேரத்தில் இறங்கினால், அறிக்கையில் 'நார்மல்' என்று அச்சாகியிருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். யூரிக் அமிலம் ஏறினால் ப்ரீ-எக்ளாம்ப்சியா பக்கம். சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியேட்டினின் 0.9 என்பது சாதாரணப் பெண்ணுக்குச் சரி, கர்ப்பிணிக்கு அதிகம். அழற்சியை அளக்கும் ஈஎஸ்ஆர் சோதனையை இந்த மாதங்களில் நம்பவே வேண்டாம், நோயில்லாத கர்ப்பிணிக்கும் அது ஏறியே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆரம்ப அளவு கையில் இல்லாவிட்டால் இவை எதுவும் உதவாது. கர்ப்பத்துக்கு முன்போ முதல் மும்மாதத்திலோ எடுத்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ப்ரீ-எக்ளாம்ப்சியாவைத் தடுக்க, 12ஆம் வாரத்தை ஒட்டி, 16 தாண்டுவதற்குள், இரவில் 75 முதல் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் தொடங்குவார்கள். புரதக் கசிவுக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறவர்கள் கர்ப்பம் தெரிந்ததுமே அதை நிஃபெடிபினுக்கோ லபெட்டலாலுக்கோ மாற்ற வேண்டும். எனலாப்ரில் வகை மருந்துகள் சேயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை வலிமாத்திரைகள் 20 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மும்மாதத்தில் கூடவே கூடாது.

சரவாங்கிக்குத் தரும் இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் ஊசிகளும் ஐஜிஜி வகைதான். அதே ஏற்பி கடைசி மும்மாதத்தில் அவற்றைச் சேய்க்கு ஏற்றி அனுப்பும். செர்ட்டோலிசுமாப்பில் ஏற்பி பற்றும் வால்பகுதியே இல்லாததால் அது ஏறக்குறைய கடப்பதில்லை. நம் ஊரில் இது முக்கியமாகும் இடம் பிரசவ வார்டு: குழந்தை பிறந்ததும் காசநோய்க்கான பிசிஜி போட்டுவிடுவது வழக்கம். அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி. கர்ப்பம் முழுக்க இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த தாயின் குழந்தை, பிசிஜி கிருமி உடம்பெங்கும் பரவி இறந்தது 2010இல் பதிவாகியிருக்கிறது. அதனால் கடைசி மாதங்களில் இந்த ஊசி எடுத்தவர்கள், பிசிஜியைக் குறைந்தது 6 மாதம் தள்ளிப்போட வேண்டும் என்று பிரசவக் குறிப்பிலேயே எழுதி வாங்குவது நல்லது. ஹெப்படைடிஸ்-பி ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. அதைத் தள்ள வேண்டாம்.

கர்ப்பத்தில் சரவாங்கி பலருக்குத் தணியும். மேயோ கிளினிக்கின் ஃபிலிப் ஹென்ச் 1930களில் இதைக் கவனித்துத்தான் உடம்பே சுரக்கும் ஏதோ ஒரு பொருளைத் தேடிப் போனார்; கார்ட்டிசோனில் முடிந்த அந்தத் தேடலுக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரசவமான சில வாரங்களில் நோய் திரும்பும், குழந்தையைத் தூக்கும் மணிக்கட்டே வீங்கும். அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயின், அசத்தியோபிரின், மேற்சொன்ன ஊசிகள் எல்லாவற்றோடும் பால் தரலாம். பிரெட்னிசோலோன் 20 மில்லிகிராமைத் தாண்டினால் மட்டும் மாத்திரை போட்ட 4 மணி நேரம் கழித்துத் தர வேண்டும். மெத்தோட்ரெக்சேட், லெஃப்ளுனோமைடு, மைக்கோஃபினோலேட் பாலூட்டும்போதும் கூடாது.

அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிவைக்கும் முறையிலும் கவனம் தேவை. ரத்தம் உறைய வைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் கருத்தடை மாத்திரை ஆகாது. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் உறைவைத் தூண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியும் அவர்களுக்கு உகந்ததல்ல. நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுப்பவர்களின் எலும்பையும் அது மேலும் தேய்க்கும். இவர்களுக்கு உகந்தது காப்பர்-டி.