பிரிவிலேஜ் புரொப்பகேஷன்: 'சலுகைப் பரவல்' என்று எழுதலாமா?

தரவுத்தளம் படிப்பவர்களுக்கு 'பிரிவிலேஜ் புரொப்பகேஷன்' என்ற தொடர் எங்காவது ஓரிடத்தில் எதிர்ப்படும். உரிமைகளை ஒரு பெயரின்கீழ் சேர்த்துவைத்துப் பயனர்களுக்கு வழங்குவதுதான் ரோல். ஒரு ரோலுக்குள் இன்னொரு ரோல், அதற்குள் மற்றொன்று என்று அடுக்கிவைத்தால், அடியில் கொடுத்த உரிமை உச்சியில் இருக்கும் ஆளிடம் எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் விஷயம். தமிழில் 'சலுகைப் பரவல்' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் சலுகையும் சரியில்லை, பரவலும் சரியில்லை. இதில் பரவல் ஆளைத் தவறான இடத்துக்கே கூட்டிப்போய்விடும்.

முதலில் பிரிவிலேஜ். லத்தீனில் 'பிரிவுஸ்' என்றால் தனி, 'லெக்ஸ்' என்றால் சட்டம். தனி ஒருவருக்கென்று போட்ட சட்டம்தான் பிரிவிலேஜியம். பழைய ரோமில் அது பெரும்பாலும் ஒருவருக்கு எதிராகப் போடும் சட்டமாக இருந்தது, பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் அதற்குத் தடையும் இருந்தது. ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் நன்மை என்ற பொருள் அப்புறம் வந்தது. நம் பத்திரிகைகள் எம்பிமாரின் வாகனம், வீடு பற்றி எழுதும்போது 'வரப்பிரசாதம்' என்று போடுகின்றன, பாராளுமன்றச் சட்டத்தில் அதே சொல் 'சிறப்புரிமை' ஆகிறது. தரவுத்தளத்துக்கு நான் சிறப்புரிமையைத்தான் எடுப்பேன். வெறும் 'உரிமை' போதாதா என்றால், போதாது. அட்டவணையை உருவாக்கியவரை உரிமையாளர் என்கிறோம், அந்த அட்டவணையை அழிக்கும் அதிகாரம் உரிமையாளர் என்பதாலேயே அவருக்கு இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் அதைத் தனியாகப் பிரித்து இன்னொருவருக்கு வழங்க வழியே கிடையாது. வழங்கக்கூடியதும் மீளப்பெறக்கூடியதும் வேறு வகை. அந்த இரண்டாவது வகைக்குத் தனிச்சொல் வேண்டும்.

ரோல் என்பதற்கு இலங்கைப் பாடநூல்களில் 'வகிபாகம்' இருக்கிறது, நல்ல சொல், அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதன் ஆங்கிலச் சொல்லுக்கும் நம் தோட்டங்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. லத்தீனில் 'ரொட்டுலுஸ்' என்றால் சுருட்டிய தாள். நாடகக்காரர் பேசவேண்டிய பகுதியை அப்படிச் சுருளில் எழுதிக்கொடுத்ததால் பிரெஞ்சு வழியாக அது நடிகரின் பாத்திரத்துக்குப் பெயராகிவிட்டது. அதே சுருள் பெயர்ப் பட்டியலையும் குறித்தது, அந்தக் கிளையில் வந்ததுதான் தோட்டத்து ஆபீசில் பேர் போடும் செக்ரோல். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ யாரைக் கேட்டாலும் செக்ரோல் தெரியும். டேட்டாபேஸில் வரும் ரோல் அதற்குச் சொந்தம் என்பது பலருக்குத் தெரியாது.

இனி புரொப்பகேஷன். அதன் வேரான 'புரொப்பாகோ' என்பது தோட்டக்காரர்களின் சொல், தாய்ச்செடியிலிருந்து புதுச்செடி உண்டாக்க மண்ணில் பதிக்கும் கொப்பு அல்லது துண்டு. அதாவது நம் பதியம். மலையகத்தில் இதை விளக்கத் தேவையே இல்லை, விபி தேயிலை என்று நாளும் சொல்கிறோமே, அதில் இருக்கும் 'பி' இதே புரொப்பகேஷன்தான், விவசாயப் பாடநூலில் 'பதியமுறை இனப்பெருக்கம்'. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டிஆர்ஐ 2025 போன்ற இனங்கள் மலை மலையாக நிற்பது இப்படித்தான்: தாய்மரத்திலிருந்து ஓர் இலையோடு ஒரு துண்டை வெட்டி, பையில் நட்டு, வேர்விட்டதும் கொண்டுபோய் மலையில் வைக்கிறார்கள். அதற்குப் பிறகு தாய்மரத்தைப் பிடுங்கி எறிந்தாலும் அந்தக் கன்று பாட்டுக்கு வளரும்.

சிக்கல் இங்கேதான். அடுக்கு வகிபாகத்தில் சிறப்புரிமை அப்படி நடந்துகொள்ளுமா? சோதித்தே பார்த்துவிடலாம்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் தோட்டத்து ஆபீஸ் தரவுத்தளம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் கொழுந்து எடை அட்டவணை இருக்கிறது. எடையைப் படிக்கவும் திருத்தவும் அனுமதியை 'திருத்தல்' என்ற வகிபாகத்துக்கு வழங்குகிறோம், திருத்தலை 'பதிவு' என்ற வகிபாகத்துக்கு, பதிவை 'கணக்கு' என்ற வகிபாகத்துக்கு, கணக்கை 'கிளாக்கர்' என்ற பயனருக்கு. கிளாக்கராக உள்ளே போய் ஓர் எடையை மாற்றினால் மாறும். (இதைச் சூப்பர்யூசராக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, இருந்து பார்க்காதீர்கள், அவருக்கு எந்த அனுமதிச் சோதனையும் கிடையாது, எல்லாம் சரி என்றுதான் வரும்.) இப்போது அட்டவணையின் அனுமதிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கிளாக்கரின் பெயரும் இருக்காது, பதிவும் கணக்கும் இருக்காது. உரிமையாளரை விட்டால் திருத்தல் மட்டும்தான் இருக்கும். எதுவும் எங்கும் பரவவில்லை, பிரதி எடுக்கப்படவும் இல்லை. கிளாக்கர் ஒரு கட்டளையைக் கொடுக்கும்போது, அவர் எந்த எந்த வகிபாகத்தின் வழியாகத் திருத்தலைத் தொடுகிறார் என்று தரவுத்தளம் அந்த நேரத்தில் ஏறிப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த சோதனை. கிளாக்கரின் இணைப்பைத் திறந்தபடியே விட்டு, வேறொரு இணைப்பிலிருந்து பதிவிடமிருந்து திருத்தலை மீளப்பெறுங்கள். கிளாக்கரின் அடுத்த கட்டளைக்கே 'பர்மிஷன் டினைட்', அனுமதி இல்லை என்று வரும். தாய்மரம் போனதும் கன்றும் போய்விட்டது, விபி தேயிலையில் நடக்காத காரியம். ஆகவே பரவல், பெருக்கம் இரண்டுமே இதற்குப் பொருந்தாது. 'மரபுரிமை' என்று போடலாமா என்றால், நிரலாக்கத்தில் 'இன்ஹெரிட்டன்ஸ்' என்பதற்கு அது நிலைத்துவிட்டது, ஆனால் தகப்பன் போனபிறகும் பிள்ளையிடம் இருப்பதுதான் மரபுரிமை. நான் எழுதுவது 'வழிவரும் சிறப்புரிமை'. வழி இருக்கும்வரை வரும், வழி அடைபட்டால் நின்றுவிடும்.

வழி என்று சொல்வதில் இன்னொரு நன்மை, வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கலாம் என்பது தானாகவே விளங்கும். யாரோ அவசரத்துக்குத் திருத்தலைக் கணக்குக்கும் நேரடியாக வழங்கியிருந்தால், பதிவிடமிருந்து மீளப்பெற்ற பிறகும் கிளாக்கரால் எடையைத் திருத்த முடியும். இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. கொழுந்து எடை சொன்ன கிலோவுக்குக் குறைந்தால் ஓர் ஆளின் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், அரைப்பேராகிவிடும், அந்த இலக்கத்தை யார் தொடலாம் என்பது ஒரு குடும்பத்தின் நாட்சம்பளம். மீளப்பெற்றாயிற்று என்று கட்டளை மட்டும் ஓட்டிவிட்டு எழுந்து போகாமல், அந்த ஆளாகவே உள்ளே போய்த் திருத்த முயன்று பார்த்து, முடியவில்லை என்று கண்ட பிறகுதான் அந்த வேலை முடிந்தது.

வழி இருந்தும் தானாக வராத நிலையும் உண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 'நோ இன்ஹெரிட்' என்று வைத்தால், 'செட் ரோல்' போட்டு அந்த வகிபாகத்தை எடுத்துக்கொண்டால்தான் அதன் சிறப்புரிமை கைக்கு வரும். 15ஆம் பதிப்புவரை இது வகிபாகத்தின் குணம், மாற்றினால் முன்பு வழங்கியவற்றையும் உடனே பாதிக்கும். 2023இல் வந்த 16ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு வழங்கலுக்கும் தனித்தனியாகக் குறிக்கப்படுகிறது, வகிபாகத்தில் மாற்றினால் இனிமேல் வழங்குபவற்றுக்குத்தான் செல்லும். பழைய ஸ்கிரிப்டைப் புதுப் பதிப்பில் ஓட்டுபவர்கள் இதை முதலில் சோதியுங்கள். புதுத் தரவுத்தளம் உருவாக்குவது, புது வகிபாகம் உருவாக்குவது, சூப்பர்யூசராக இருப்பது ஆகிய குணங்கள் எந்தப் பதிப்பிலும் வழிவராது, செட் ரோல் போட்டே ஆகவேண்டும்.

'வித் கிராண்ட் ஆப்ஷன்' வேறு சங்கதி, அதை இதோடு சேர்த்துக் குழப்பவேண்டாம். அங்கே வாங்கியவர் தானும் அடுத்தவருக்கு வழங்கலாம், ஒவ்வொருவர் பெயரும் பட்டியலில் ஏறும். கிரிஃபித்ஸும் வேடும் 1976இல் சிஸ்டம் ஆர் தரவுத்தளத்துக்காக எழுதிய கட்டுரை இந்தச் சங்கிலியைப் பற்றியதுதான், முதல் ஆளிடம் மீளப்பெற்றால் அவர் கொடுத்தவர்களிடமிருந்தும் தொடர்ந்து எப்படிக் கழற்றுவது என்று. இதற்குக் 'கைமாற்றும் உரிமை' என்பது பொருந்தும்.

மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளுக்கு வகிபாகம் வந்ததே 8.0 பதிப்பில், 2018இல். அங்கே வகிபாகத்தை வழங்கினாலும் அது செயலுக்கு வராது. இயல்பு வகிபாகம் என்று குறித்துவைக்கவேண்டும், அல்லது உள்ளே வந்தபிறகு செட் ரோல் போடவேண்டும். வழங்கியிருக்கிறேனே, ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுகிறவர்கள் முதலில் 'கரண்ட் ரோல்' என்று கேட்டுப் பாருங்கள், 'நன்' (எதுவுமில்லை) என்று வந்தால் காரணம் இதுதான்.