கேஸ் பேப்பர் உங்களோடு ஊருக்கு வருமா?

மும்பைத் தமிழர்களில் பாதிப் பேருக்கு இரண்டு ஊர், அதனால் இரண்டு டாக்டர். வேலையும் வீடும் தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ செம்பூரிலோ. மே மாத லீவுக்கும் கோயில் கொடைக்கும் தலைப்பிரசவத்துக்கும் நெல்லையோ தூத்துக்குடியோ. இங்கே மாநகராட்சி ஆஸ்பத்திரியில் நோயும் மருந்தும் எழுதித் தரும் ஒரு கேஸ் பேப்பர், அங்கே தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு, நடுவில் என்னைப் போன்ற குடும்ப டாக்டர் எழுதிய ஒரு தாள். மூன்று பேரும் ஒரே உடம்புக்குத்தான் மருந்து எழுதுகிறோம். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. மூன்று இடத்துக்கும் போய் வந்த ஒரே ஆள் நோயாளி. அவருக்குத் தெரிந்ததோ மாத்திரையின் நிறம் மட்டும்தான்.

மருத்துவத்தில் கம்ப்யூட்டர் என்றாலே ரோபோ ஆபரேஷன், செயற்கை நுண்ணறிவு என்று பேச்சு போய்விடுகிறது. இருக்கட்டும். எந்த மென்பொருள் விற்க வந்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இதில் ஏற்றிய விவரம், நோயாளி வேறு டாக்டரிடம் போகும்போது அவரோடு போகுமா? "போகாது மேடம், ஆனா பில்லிங் சூப்பரா வரும்" என்பார்கள். சரி, அப்படியென்றால் அது எனக்கான மென்பொருள். நோயாளிக்கானது இல்லை.

இட்லி வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி, அறுபதைத் தாண்டியவர், காலையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியபடி வந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 54, ரொம்பக் குறைவு. குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்து, ஆள் தெளிந்ததும் பையை மேஜையில் கவிழ்க்கச் சொன்னேன். இரண்டு அட்டை மாத்திரை. ஒன்று ஊரில் தனியார் டாக்டர் எழுதியது, பளபளப்பான பிராண்ட். இன்னொன்று இங்கே ஆஸ்பத்திரி கவுண்டரில் வாங்கியது. பெயர் வேறு, நிறம் வேறு. பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தால் இரண்டிலும் கிளிமெபிரைடு, இரண்டிலும் மெட்ஃபார்மின். அதே சர்க்கரை மருந்துகள், இரண்டு மடங்கு.

"அது ஊரு மாத்திர, இது பம்பாய் மாத்திர டாக்டரம்மா. ரெண்டும் வேற வேற" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? எந்த டாக்டரும் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு பேர் சொன்னதையும் ஒழுங்காகக் கேட்ட மனிதர் அவர்.

மருந்தை பிராண்ட் பெயரில் இல்லாமல், உள்ளே இருக்கும் மருந்தின் மூலப்பெயரில் ஏற்றினால், இந்த மாதிரி இரட்டிப்பை மென்பொருள் உடனே பிடித்துவிடும். ஆனால் பைக்குள் இருக்கும் அட்டை அதற்கு எப்படித் தெரியும்? அதனால் என் கிளினிக்கில் கம்பவுண்டர்தான் முதலில் பையைப் பார்ப்பார். இருக்கிற அட்டைகளை எல்லாம் ஏற்றிவிட்ட பிறகுதான் ஆள் உள்ளே வருவார். வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், உண்மைதான். எச்சரிக்கைக் கட்டங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிவப்புக் கட்டம் வந்தால், டாக்டரின் விரல் படிக்காமலே அதை மூடப் பழகிவிடும். ஒரே மருந்து இரண்டு தடவை, அலர்ஜி, சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்து. என்னிடம் இந்த மூன்றுக்கு மட்டும்தான் மணி அடிக்கும்.

பிரசவத்துக்கு வருகிறேன். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாள். புடவை, வளையல், பலகாரம் எல்லாம் போகும். ரிப்போர்ட் என்று போவது கடைசியாக எடுத்த ஸ்கேன் ஒன்றுதான். "அதுதானே லேட்டஸ்ட்" என்பார் மாமியார். ஆனால் பிரசவத் தேதியைச் சரியாகச் சொல்வது முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன். கடைசி ஸ்கேனை மட்டும் வைத்துத் தேதி கணக்கிட்டால் இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகலாம். வளர்ச்சி குறைந்த குழந்தையை மாதம் குறைந்த குழந்தை என்று நினைத்துவிடும் ஆபத்தும் உண்டு. தாய்க்கு ரத்த வகை நெகட்டிவ் என்றால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 28 வாரத்தில் போட்டாயிற்றா என்பது ஊர் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பிறந்த குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு ஊசி.

இன்னொன்று, பலரும் பிள்ளை பிறந்த பிறகுதான் விழித்துக்கொள்வது. தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவுக்கு, கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தரும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் கேட்பார்கள். மும்பையில் கர்ப்பத்தைப் பதிந்தபோதே தாய்-சேய் அட்டையில் அந்த எண் எழுதப்பட்டிருக்கும். அந்த அட்டையைப் போட்டோ எடுத்துப் பெண்ணின் போனிலும் அவள் அம்மா போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போன வாரத்திலேயே கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். வலி வந்த பிறகு தேடுகிற காகிதம் இல்லை இது.

இந்த அலைச்சலுக்கு அரசு வைத்திருக்கும் பதில் ஆபா எண். 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் ஒவ்வொருவரும் பெறக்கூடிய 14 இலக்க அடையாளம். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதை ஐந்து லட்சம் ரூபாய் காப்பீட்டு அட்டையோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. அது 2018-இல் வந்த காப்பீட்டுத் திட்டம், தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். ஆபாவில் ஒரு பைசா வராது. வருவது உங்கள் ரிப்போர்ட்டுகளைக் கோர்க்கும் ஒரு நூல். எல்லா ரிப்போர்ட்டையும் டெல்லியில் ஒரே கிடங்கில் குவித்து வைப்பதும் இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் உருவானதோ அங்கேயே இருக்கும். வேறு டாக்டர் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் செயலிக்கு அனுமதி கேட்டு வரும். எந்த ரிப்போர்ட், எந்தக் காலத்தது, எத்தனை நாள் வரை பார்க்கலாம் என்று நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆபா எண் எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம்.

கொள்கை அருமை. நடைமுறையில் எல்லா ஆஸ்பத்திரியும், குறிப்பாகச் சின்ன கிளினிக்குகள், இன்னும் இதில் சேரவில்லை. இப்போதைக்குக் கண்ணுக்குத் தெரியும் பலன், ஓ.பி. வரிசை. சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி தானே போய் டோக்கன் வந்துவிடுகிறது. "முருகேசன்" என்ற பெயரைக் கவுண்டரில் ஐந்து விதமாக எழுதி, ஐந்து ஆளாக்கும் கூத்து அதோடு ஒழியும். சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பெயர் மாறினால் பழைய ரிப்போர்ட் கிடைக்காது.

எனக்கு நிஜமாகவே கவலை தருவது வேறு. தாராவியில் ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஒரு நல்ல போன்தான் இருக்கும். அது புருஷனிடமோ மகனிடமோ. மருமகளின் ஆபா அந்த நம்பரில். அவளுடைய கருக்கலைப்புச் சீட்டு, மனநல மருந்து, எச்.ஐ.வி. பரிசோதனை எல்லாம் யார் கையில் போய் ஒலிக்கும்? "நோயாளியின் அனுமதி" என்று எழுதி வைத்தவர்கள் ஆளுக்கொரு போன் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். அதனால் பதிவு செய்யும்போது கம்பவுண்டர் கேட்கும் கேள்வி, "நம்பர் என்ன?" என்பதோடு நிற்காது. "இது உங்க கையில இருக்கற போனா? மெசேஜ் அனுப்பலாமா, நேர்ல சொல்லணுமா?" என்றும் கேட்பார். நேரில் என்று சொன்னால் அந்த ரிப்போர்ட் போனுக்குப் போகாது.

மொழிக்கும் இதே மாதிரி ஒரு தீர்வு தேவைப்பட்டது. மருந்துச் சீட்டைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் போதும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். இங்கே பாட்டிக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. பேரன் தமிழ் பேசுவான், ஆனால் படித்தது இந்தியும் மராத்தியும். அச்சடித்த தமிழை யார் படிப்பது? வாட்ஸ்அப்பில் குரல் பதிவுதான் எடுபடுகிறது. "பாட்டி, வெள்ளை மாத்திரை காலைல சாப்பிட்டதும் ஒண்ணு. ராத்திரி வேண்டாம்." அவ்வளவுதான். பாட்டி அதைப் பக்கத்து வீட்டுக்கும் போட்டுக் காட்டுகிறார் என்பது கூடுதல் விளம்பரம்.

திரையை நோயாளி பக்கம் திருப்பி வைப்பதற்குச் செலவே இல்லை. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை ஒரு கோடாக வரைந்து காட்டினால், "இந்த எடத்துல ஏன் ஏறுச்சு தெரியுமா, அப்போ ஊர்ல கொடை" என்று அவர்களே சொல்ல ஆரம்பிக்கிறார்கள். டாக்டர் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தால் இந்தப் பேச்சு வராது.

மின்னணுவை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கின. பல நாள் எல்லாமே கையால் எழுதித்தான் நடந்தது. முக்கியமான தாள்களின் போட்டோ உங்கள் போனில் தனி ஆல்பத்தில் இருக்கட்டும். தாள் முழுவதும், தேதியோடு விழ வேண்டும். அதிலும் இசிஜியை எடுத்த அன்றே போட்டோ எடுங்கள். அந்தத் தாள் வெப்பத்தில் அச்சாவது, நாளாக நாளாக வெளுத்துவிடும். நாளைக்கு நெஞ்சுவலி என்று ராத்திரி ஒரு மணிக்கு எங்கேயோ போய் நிற்கும்போது, புது இசிஜியில் தெரியும் மாற்றம் பழசா புதுசா என்று டாக்டர் பார்க்க அந்தப் பழைய படம்தான் வேண்டும்.

ரிப்போர்ட் தர முடியாது என்று ஆஸ்பத்திரி இழுத்தடித்தால், இதைச் சொல்லுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரிய ஒருவரோ கேட்டால் சிகிச்சை ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளிகளின் ஆவணங்களை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை, தள்ளிப்போடாமல் கேளுங்கள். வாயால் கேட்டால் "நாளைக்கு வா" என்பார்கள். வெள்ளைத்தாளில் பெயர், சேர்ந்த தேதி, கேஸ் பேப்பர் நம்பர் எழுதி இரண்டு நகல் எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டதாகத் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். ரயில் டிக்கெட் எடுத்த அன்றே இதைச் செய்துவிட்டால், ஊருக்குக் கிளம்புவதற்குள் கைக்கு வந்துவிடும்.