நொடிக்கு 100 முறை அணையும் மின்வில்

மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த், பிறைப் பக்கப் பட்டறைகளுக்குக் கையில் தூக்கிப்போகும் இன்வெர்ட்டர் வெல்டிங் செட் வந்தபிறகு, பழைய டிரான்ஸ்ஃபார்மர் செட்டுகள் மூலைக்குப் போய்விட்டன. நல்ல கனம், முன்பக்கத்தில் கையால் சுற்றும் ஒரு சக்கரம், கேபிள் மாட்ட இரண்டு முனை, அவ்வளவுதான். சர்க்யூட் போர்டு இல்லாததால் பல வருடம் கழித்தும் ஓடும், மலிவாகவும் கிடைக்கும். கேட்டில் விட்டுப்போன கீலை ஒட்ட, கிரில்லைச் சரிசெய்ய, பூந்தொட்டிக்கு ஒரு ஸ்டாண்ட் அடிக்க இது தாராளமாகப் போதும். ஆனால் மாறுதிசை மின்சாரத்தில், அதாவது ஏசியில், வெல்டிங் செய்யும் செட்டுக்கென்று ஒரு குணம் உண்டு. அது புரிந்தால் எந்த ராட் (வெல்டிங்கில் உருகி ஒட்டும் பூச்சுள்ள கம்பி) வாங்குவது, எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

உள்ளே இருப்பது ஓர் இரும்புக் கருவும் இரண்டு சுருளும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை 50 முதல் 80 வோல்ட்டுக்கு இறக்கி, ஆம்பியரை ஏற்றிக் கொடுக்கும். ராட் இரும்பைத் தொட்டு விலகியதும் இடைவெளியில் உள்ள வாயு அயனியாகி, அதன் வழியே மின்சாரம் பாயும். அதுதான் மின்வில். எரியத் தொடங்கிவிட்டால் அதற்கு 20, 25 வோல்ட் போதும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இரண்டு தடவை சுழியத்தைத் தொடும். ஆக, நொடிக்கு 100 முறை மின்வில் அணைகிறது. அணைந்ததுமே வாயு ஆறத் தொடங்கும், அயனிகள் எலெக்ட்ரான்களோடு சேர்ந்துகொள்ளும். மறுபடி பற்ற வேண்டுமானால் அதே கணத்தில் போதிய வோல்ட் தயாராக இருக்க வேண்டும். வோல்ட்டும் மின்னோட்டமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அந்த நேரத்தில் வோல்ட்டும் சுழியமாகத்தான் இருக்கும்.

இதைத் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். சக்கரம் வைத்த செட்டுகளில் இரண்டு சுருளையும் வேண்டுமென்றே தள்ளி வைத்து, நடுவில் நகரும் இரும்புத் துண்டு ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். முதல் சுருளின் காந்தப்புலத்தில் ஒரு பங்கு இரண்டாவதற்குப் போகாமல் அதன் வழியே கசிந்துவிடும். இந்தக் கசிவு மின்தூண்டியாக வேலை செய்து, மின்னோட்டத்தை வோல்ட்டுக்குப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. அதனால் மின்னோட்டம் சுழியமாகும்போது செட்டின் வோல்ட் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும், மின்வில் உடனே பற்றிக்கொள்ளும். ஆம்பியரைக் கட்டுப்படுத்துவதும் அதே துண்டுதான். சக்கரத்தைச் சுற்றித் துண்டை உள்ளே தள்ளினால் கசிவு கூடி ஆம்பியர் குறையும், வெளியே இழுத்தால் ஏறும். ராட் இரும்போடு ஒட்டிக்கொண்டாலும் செட் உடனே கருகாமல் தாங்குவது இந்தக் கசிவால்தான்.

மீதி வேலை ராட்டின் பூச்சில் நடக்கிறது. இ6013 என்ற வகை ராட்டின் பூச்சில் டைட்டானியம் ஆக்சைடும் பொட்டாசியமும் உண்டு. பொட்டாசியம் அணு தன் எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும், அதனால் அணைந்த மின்வில் சுலபமாக மீண்டும் பற்றும். சோடியம் பூச்சுள்ள இ6010 வகை டிசிக்கென்றே, அதாவது நேர்திசை மின்சாரத்துக்கென்றே செய்தது, இந்தச் செட்டில் நிற்காது. வீட்டு வேலைக்கு 2.5 மி.மீ. இ6013 வாங்கி 60 முதல் 90 ஆம்பியருக்குள் ஓட்டுங்கள். ராட் நுனியை இரும்பிலிருந்து ராட்டின் தடிமனுக்கு மேல் தூக்க வேண்டாம். இடைவெளி நீண்டால் ஒவ்வொரு முறையும் பற்ற அதிக வோல்ட் வேண்டும். சீராகப் பொரியும் சத்தம் விட்டு விட்டு வந்தால், நுனி தூரமாகப் போய்விட்டது என்று அர்த்தம்.

சரி, வீட்டு வயரிங். 50 வோல்ட் செட்டில் 80 ஆம்பியர் எடுத்தால், 80-ஐ 50-ஆல் பெருக்கி 230-ஆல் வகுங்கள். சுவரிலிருந்து சுமார் 17 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக் இதற்கு ஆகாது. பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டுத் தனி லைன் போடுங்கள். சுவிட்ச் போட்டதும் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கணம் அதிக மின்சாரம் இழுக்கும், அதைத் தாங்க சி வகை எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். வாங்கிய செட்டையும் அவரிடமே மெக்கரால், அதாவது இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவியால், அளக்கச் சொல்லுங்கள். ஈரக் காற்றில் வருடக்கணக்காகக் கிடந்த சுருளில் இன்சுலேஷன் பலவீனமாகியிருக்கலாம். ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் பெட்டிக்குள் மின்சாரம் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு, காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை செட்டைத் தொடாதீர்கள்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. ராட் பக்கத்தில் ஷாக் அடித்தால் ஆர்சிசிபி விழாது. வெல்டிங் சுருள் வீட்டு லைனோடு மின்தொடர்பு இல்லாமல் தனியாக இருப்பதால், அங்கே உடம்பு வழியாகப் பாயும் மின்சாரம் அதன் கண்ணிலேயே படாது. 80 வோல்ட் ஏசி, வியர்வையில் நனைந்த சட்டையும் கையும் இருக்கும்போது ஆளைக் கொல்லப் போதும். நம் வெயிலில் பத்து நிமிடத்திலேயே நனைந்துவிடுவோம். உலர்ந்த தோல் கையுறை, ரப்பர் அடிப் பூட்ஸ், காலடியில் காய்ந்த பலகை இல்லாமல் ராட் மாற்றக்கூடாது. மழைச் சாரல் அடிக்கும் போர்ச்சில் வேலையே வேண்டாம்.

கண்ணுக்கு 10-ஆம் எண் கண்ணாடி உள்ள முகமூடி. கேட்டுக்கு வாங்கும் ஹாலோ இரும்பில் துத்தநாகப் பூச்சு இருந்தால், ஒட்டும் இடத்தைச் சுற்றிக் கிரைண்டரால் தேய்த்து எடுங்கள். மீதி இருக்கக்கூடிய பூச்சுக்காகக் காற்றோட்டமான இடத்தில், புகை முகத்துக்கு வராத பக்கம் நில்லுங்கள். அந்தப் புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும்.